சிடி, கேசட், இசைத்தட்டுப் பாட்டுகளை இழப்பில்லாமல் கணினியில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் பழைய வீடுகளில் பரணை எட்டிப் பார்த்தால் ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பாட்டு இருக்கும். கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிடக் கேசட்டுகள், டப்பா உடைந்த சிடிகள், கல்யாணத்தன்று எடுத்த பதிவுகள் எல்லாம் கலந்து கிடக்கும். ஓட்டுவதற்குப் பெட்டி இல்லாததால் அவற்றைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு தடவை எடுத்தாலும் சரியாக எடுத்து, சரிதானா என்று பார்த்து வைத்துவிட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதற்காகத்தான்.

இழப்பில்லாத கோப்பு என்றால் என்ன?

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட், நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் வரும். எம்பி3 இந்த அளவைக் குறைப்பதற்காக, காது கவனிக்காது என்று தான் கணிக்கிற ஒலிகளை வெட்டி எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்பி வராது.

ஃப்ளாக் என்பது இழப்பில்லாத கோப்பு வடிவம். அது எதையும் எறிவதில்லை. ஜின்னிங் மில்லில் பஞ்சை அழுத்திப் பேல் கட்டுகிற மாதிரிதான். இடம் குறையும், பஞ்சு குறையாது. விரித்துப் பார்த்தால் சிடியில் இருந்த ஒவ்வொரு பிட்டும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் மூல அளவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் வந்து நிற்கும்.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

320 கிலோபிட்டில் நன்றாகச் செய்த எம்பி3-ஐயும் ஃப்ளாக்கையும் பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரித்துச் சொல்வது கடினம். பஸ்ஸில் காதுக்குள் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்கிறவருக்கு நிச்சயம் தெரியாது. 128 கிலோபிட் கதை வேறு. சலங்கைச் சத்தத்தையும் தவிலின் விரல் அடியையும் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் மழுங்கலாகவே இருக்கும்.

ஆனால் இழப்பில்லாமல் எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் காது இல்லை. ஃப்ளாக்காக வைத்திருந்தால் அதிலிருந்து எந்த வடிவத்துக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். எம்பி3-ஐ எடுத்து இன்னொரு இழப்பு வடிவமாக மாற்றினால் ஏற்கனவே குறைந்தது மேலும் குறையும். பத்து வருடம் கழித்து எந்த வடிவம் புழக்கத்தில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூலம் முழுசாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

பெட்டி நிறைய இருக்கிறது. எதை முதலில் எடுப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் சினிமாப் பாட்டு சிடியிலிருந்து தொடங்குகிறார்கள். அவை இன்னும் நூறு வீடுகளில் இருக்கும். உங்கள் சிடி போனாலும் வேறொன்று கிடைக்கும்.

உங்கள் வீட்டில் மட்டுமே இருப்பது எது என்று பாருங்கள். ஊர் மாரியம்மன் நோம்பியில் பாடிய கும்மி, கல்யாணச் சீரின்போது குடிமகன் (நாவிதர்) சொன்ன மங்கல வாழ்த்து, ராத்திரி முழுக்க நடந்த உடுக்கைப் பாட்டு, அமுச்சி (பாட்டி) பாடிய தாலாட்டு, அப்பாரு (தாத்தா) பேசிய இரண்டு நிமிடம். இவற்றுக்கு இரண்டாவது பிரதி உலகத்தில் கிடையாது. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கயம் வட்டாரத்தில் பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையைப் பாட்டாகவே டேப்பில் பதிவு செய்தார். அந்த டேப் இருந்ததால்தான் பாடியவரின் சொல்லும் இழுப்பும் பிற்பாடு எழுத்தில் ஏற முடிந்தது. அதே கதையை வேறு ஊரில் வேறு பாடகர் வேறு மாதிரி பாடியிருப்பார். அது உங்கள் கேசட்டில் இருக்கலாம்.

அடுத்த முன்னுரிமை, வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய சிடி-ஆர். கம்பெனி சிடியில் குழிகள் அச்சாகவே பதிந்திருக்கும். எழுதும் சிடியில் சாயப் பூச்சில்தான் பதிவு. வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். 2000-களில் எழுதிய கல்யாண சிடிகள் பல இப்போதே தடுமாறுகின்றன. அவற்றை இந்த வாரமே எடுங்கள். கம்பெனி சிடிகள் அதற்கு அப்புறம் போதும்.

சிடியைத் திறந்து பாட்டையெல்லாம் பென்டிரைவில் போட்டேனுங்க. ஒன்றும் பாடவில்லை. ஏன்?

நீங்கள் காப்பி செய்தவை ‘டிராக்01.சிடிஏ’ மாதிரியான கோப்புகளாக இருக்கும். விண்டோஸ் அவற்றை 1 கிலோபைட் என்று காட்டும். உண்மையில் ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கிறது, பாட்டு இல்லை. ஆடியோ சிடியில் கோப்பு என்ற அமைப்பே கிடையாது. அதனால்தான் பாட்டைப் படித்துக் கோப்பாக்குவதற்குத் தனி மென்பொருள் வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ரிப் செய்வது என்று பெயர்.

ஒரே சிடியில் 150 பாட்டு இருக்கிறது. இதை ஃப்ளாக்காக எடுக்கலாமா?

முடியாது. ஆடியோ சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் சாதாரணமாகப் பிடிக்காது. 150 பாட்டு இருந்தால் அது எம்பி3 கோப்புகள் எழுதிய தரவு சிடி. கணினியில் திறந்து கோப்புகளை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். அதை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பல மடங்கு பெரிதாகும், தரம் இம்மியும் கூடாது. பிறகு அதைப் பார்க்கிறவர்கள் நல்ல மூலம் என்று நம்பி ஏமாறுவார்கள். அதனால் எம்பி3 எம்பி3-ஆகவே இருக்கட்டும்.

யாரோ கொடுத்த ஃப்ளாக் மேல் சந்தேகம் வந்தால் ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஒலியை வண்ணப் படமாகக் காட்டும். சிடியிலிருந்து வந்ததில் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் தாண்டியும் ஏறி இறங்கும். 128 கிலோபிட் எம்பி3-லிருந்து வந்தது 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரியால் வெட்டியது போல நின்றுவிடும். பழைய பாட்டுகளில் மூலப் பதிவிலேயே மேல் ஒலி குறைவாக இருக்கும் என்பதால், 1960-க்கு முந்தைய பாட்டுகளை இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

விண்டோஸில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’. சுருக்கமாக ஈஏசி என்பார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்திரே வீத்தாஃப் எழுதியது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். முதல்முறை அமைப்பதற்கு அரைமணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் ‘டிபிபவர்ஆம்ப்’ வசதி. ‘கியூரிப்பர்’ இலவசம், சுலபமும்கூட. மேக்கில் ‘எக்ஸ்எல்டி’. லினக்ஸில் ‘விப்பர்’. மூன்றிலும் ஓடுகிற ‘ஃப்ரீஏசி’ எளிமையானது.

லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். ஹப்பில் மின்சாரம் போதாமல் டிரைவ் திணறினால், சிடியில்தான் கோளாறு என்று நினைத்து நேரம் வீணாகும்.

விண்டோஸோடு வரும் பிளேயரே ஃப்ளாக் எடுக்கிறதே. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்?

எடுக்கும். சிடி புத்தம் புதிதாக இருந்தால் சரியாகவே எடுக்கும். சிக்கல் என்னவென்றால், தப்பாக எடுத்தாலும் அது சொல்லாது.

பாட்டு சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டார்கள், ஒவ்வொன்றிலும் 2,352 பைட். அத்தனையும் ஒலிக்கே போய்விடுகிறது. தரவு சிடியில் ஒரு செக்டாருக்கு 2,048 பைட்தான் தரவு. மிச்ச இடத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தக் கூடுதல் குறியீடு இருக்கும். எல்லா சிடிக்கும் பொதுவான பிழைதிருத்தம்தான் முதல் காவல். பாட்டு சிடிக்கு இந்த இரண்டாவது காவல் இல்லை. கீறல் ஆழமாகி முதல் காவலும் தோற்றுப்போனால், டிரைவ் முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைப் பார்த்து நடுவில் ஒரு மதிப்பை ஊகித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். கேட்கும்போது சில இடங்களில் ‘டிக்’ என்று வரும், சில இடங்களில் தெரியவே தெரியாது.

ஈஏசி-யின் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு செக்டாரும் குறைந்தது இரண்டு தடவை படிக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 16 தடவை திரும்பப் படிக்கும். அதில் 8 தடவையாவது ஒரே விடை வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால் இன்னொரு 16. மோசமான இடத்தை இப்படி 82 தடவை வரை படித்துப் பார்த்துவிட்டு, அப்படியும் முடியாவிட்டால் எந்த நிமிடம், எந்த நொடி என்று எழுதிக் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது அந்த நேர்மைதான்.

அமைக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சில டிரைவ்கள் ஒருமுறை படித்ததைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் சிடியைப் பார்க்காமல் அதையே தரும். அப்படியானால் எத்தனை தடவை படித்தும் பயனில்லை. டிரைவ் அமைப்புகளில் ‘ஆடியோவை கேஷ் செய்கிறது’ என்ற பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு டிரைவும் சில மாதிரிகள் முன்னேயோ பின்னேயோ தொடங்கும். உங்கள் டிரைவ் மாடலுக்கு எத்தனை என்பது அக்யூரேட்ரிப் (அடுத்த கேள்வியைப் பாருங்கள்) பட்டியலில் இருக்கிறது. ஒருதடவை போட்டால் போதும்.

அக்யூரேட்ரிப் என்கிறார்களே, அது என்ன? எங்கள் சிடிக்கு ‘பட்டியலில் இல்லை’ என்று வருகிறது.

அதே சிடியை உலகத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால், அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண் (ஒலித் தரவிலிருந்து கணக்கிடும் எண்) ஒரு பொதுத் தளத்தில் சேர்ந்திருக்கும். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒன்றானால் பிட் பிசகாமல் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு டிரைவில் ஒரே தப்பு நடக்காது அல்லவா.

தமிழ் சிடிகளில் பல அந்தப் பட்டியலில் இல்லை. பக்தி, நாட்டுப்புறம் என்றால் இன்னும் குறைவு. அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்ற முறையில் எடுங்கள். முழுப் பாட்டையும் ஒருமுறை சோதனைக்குப் படித்து ஒரு எண், மறுமுறை கோப்பாக்கப் படித்து ஒரு எண் என்று இரண்டு தரும். இரண்டும் ஒத்திருந்தால் நம்பலாம். நண்பரிடம் வேறு கம்பெனி டிரைவ் இருந்தால் அதிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நிம்மதி. ‘கியூடூல்ஸ்’ தளத்தையும் பாருங்கள். அங்கே எண்ணோடு மீட்புத் தரவும் வைத்திருப்பதால், சிடி அதில் இருந்து உங்கள் பிரதியில் பிழை சிறிதாக இருந்தால் திருத்தியே கொடுத்துவிடும்.

எடுத்த விவரத்தை எழுதிய பதிவேட்டுக் கோப்பு (லாக்) ஒன்று கடைசியில் வரும். அதைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். பாட்டுக் கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். எது சுத்தமாக வந்தது, எது வரவில்லை என்று பின்னால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவது அதுதான்.

கீறல் விழுந்த சிடியை என்ன செய்வது?

முதலில் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பருத்தித் துணி போதும். பனியன் வேஸ்ட் துணி நம் பக்கம் வேண்டிய மட்டும் கிடைக்கும், நன்றாக உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. பாட்டு வட்டமாகத்தான் ஓடுகிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு இடத்தை மட்டும் மறைக்கும். அதைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை கெட்டாலும் முழுசாக மீட்க முடியும். பாட்டோடு சேர்ந்தே ஓடும் கீறல் அதைத் தாண்டிவிடும்.

பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லாரும் பத்திரமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு பிளாஸ்டிக் இருக்கிறது. படம் அச்சடித்த மேல்பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியப் படலம் இருக்கிறது. அங்கே பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ படலம் கையோடு வந்துவிடும். சிடியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் படலம் போய்விட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

விளிம்பிலிருந்து வெண்கல நிறம் உள்ளே பரவும் சிடிகளும் உண்டு. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் இந்த நோய் பிரபலம். சிடியின் கடைசிப் பாட்டுகள் விளிம்புப் பக்கம்தான் இருக்கின்றன என்பதால் அவைதான் முதலில் போகும். கண்டவுடன் எடுத்துவிடுங்கள்.

ஃப்ளாக், அலாக், வேவ்: எதில் வைப்பது?

ஃப்ளாக். 2001-ல் வெளிவந்தது, திறந்த மூலம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 2024 டிசம்பரில் இணையப் பொதுத் தரமாகவும் வெளியிட்டுவிட்டார்கள். கோப்புக்குள்ளேயே மூல ஒலியின் சரிபார்ப்பு எண் இருப்பதால், வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதித்துவிடலாம். அழுத்தாத வடிவமான வேவில் அந்த வசதி இல்லை. பாட்டு விவரம் ஏற்றுவதும் அதில் தகராறு. ஐபோனில் ஆப்பிளின் மியூசிக் செயலியில்தான் கேட்பேன் என்றால் அலாக். அதுவும் இழப்பில்லாததுதான், 2011-லிருந்து அதுவும் திறந்த மூலம். ஃப்ளாக்கிலிருந்து அலாக்குக்கும் அங்கிருந்து திரும்பவும் மாற்றினால் ஒரு பிட்கூடப் போகாது.

ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை எண் கேட்கிறதே. 8 போட்டால் தரம் கூடுமா?

கூடாது, குறையாது. 8 போட்டால் கோப்பு கொஞ்சம் சிறிதாகும், நேரம் கொஞ்சம் கூடும். 5 போதும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து எடுத்தால் சிடி இன்னும் நன்றாக இருக்குமா?

இருக்காது. சிடியில் உள்ளது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதை அப்படியே எடுக்க வேண்டும்.

பாட்டு விவரங்களைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஃப்ளாக் யூனிகோடை ஏற்கும். சில பழைய கார் பெட்டிகள் மட்டும் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டும். எனக்குத் தமிழிலேயே எழுதுவதுதான் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் ஒரே இசையமைப்பாளர் பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். மென்பொருள் அவரை நான்கு பேராக்கிவிடும்.

சினிமாப் பாட்டுக்கு ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஒவ்வொரு பாட்டையும் வேறு வேறு பாடகர் பாடியிருப்பதால், ஒரே படம் ஐந்து துண்டாகப் பிரிந்துபோகும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற புலத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே போடுங்கள், படம் ஒன்றாக நிற்கும். பாடகர், பாடலாசிரியர், ஆண்டு இவற்றை அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இணையத்திலிருந்து தானாக வரும் விவரத்தைச் சரிபார்க்காமல் சேமிக்காதீர்கள். தமிழ் சிடிகளுக்குப் பாட்டு வரிசை மாறி வருவது சகஜம்.

நாட்டுப்புறப் பதிவென்றால் ஊர், கோயில், வருடம், பாடியவர், உடுக்கை அடித்தவர், பதிவு செய்தவர் எல்லாம் வேண்டும். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

ஒரே சிடியில் மூன்று படம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

நம் சிடிகளில் இது வழக்கம்தான். முதலில் சிடியை ஒரே தொகுப்பாக எடுத்துச் சரிபார்த்து, பதிவேட்டையும், பாட்டுகளின் வரிசையையும் தொடக்க இடத்தையும் குறிக்கும் கியூ கோப்பையும் சேமியுங்கள். அதன் பிறகு படத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து விவரம் மாற்றுங்கள். விவரத்தை மாற்றினால் ஒலி மாறாது. ஃப்ளாக்கில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எந்த சிடியிலிருந்து வந்தது, அது எத்தனையாவது பாட்டு என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

கேசட்டை எப்படி எடுப்பது?

சிடிக்கு எடுத்தோமே சரிபார்ப்பு எண், அது கேசட்டுக்குக் கிடையாது. எடுக்கும் விதம்தான் எல்லாம். அதனால் கேசட்டுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கேசட்டைத் திறந்து நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் ஓட்டாதீர்கள். டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது விடுபட வேண்டும்.

டெக்கின் ஹெட்டையும் உருளைகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக அழுக்கு வரும். வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு ஹெட்டின் பக்கத்தில் சுருள்கம்பியோடு ஒரு சின்ன ஸ்குரு தெரியும். ஹெட்டின் சாய்வை மாற்றும் ஸ்குரு அது. கேசட் பாடும்போது அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படி இப்படித் திருப்பினால் ஒரு இடத்தில் திரை விலகியது போலச் சலங்கையும் ‘ச’கர ஒலியும் தெளிவாகும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் பதிந்தது என்பதால் கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டும். மங்கலாக இருக்கிறது என்று பலர் மென்பொருளில் மேல் ஒலியைக் கூட்டுகிறார்கள். அந்த ஸ்குரு தருவதை எந்த மென்பொருளாலும் தர முடியாது.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்குக் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டை வேண்டாம். அது பெரும்பாலும் ஒற்றைச் சேனல், ஒலியும் கரகரக்கும். ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் காலத்துக்கும் உதவும். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். உடுக்கைப் பாட்டில் இது ரொம்ப முக்கியம். பாடுகிறவர் குரலுக்கு அளவு வைத்தால், அடுத்த நிமிடம் உடுக்கை அடி ஓங்கி விழும்போது அலை தலை வெட்டுப்பட்டுப் போகும். கேசட்டில் சாமி வரும் கட்டத்தைத் தேடிப் போட்டு, அந்த அடிக்கு அளவு வையுங்கள்.

‘ம்ம்’ என்று தொடர்ந்து இரைச்சல் வந்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே வருகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். பதிந்ததை எந்தத் திருத்தமும் செய்யாமல் முதலில் ஃப்ளாக்காகச் சேமியுங்கள். இரைச்சல் குறைப்பதெல்லாம் அதன் பிரதியில்தான். இன்றைய இரைச்சல் நீக்கி குரலின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. நாளைக்கு இதைவிட நல்லது வரும், அப்போது மூலம் வேண்டும்.

பழைய இசைத்தட்டுகள்?

எல்பி தட்டுக்கு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. தட்டின் மெல்லிய ஒலியைக் கூட்டிச் சமன் செய்யும் போனோ பிரீ ஆம்ப் வழியாகத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி ஒலி இல்லாமல் சன்னமாக வரும். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும், தொடவே தொடாதீர்கள். எல்பிக்கு உள்ள ஊசியையும் அதில் வைக்கக் கூடாது. 78-ன் பள்ளம் அகலமானது, அதற்குத் தனி ஊசி உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிகுடோனை ஒட்டிய வீடென்றால் தறி நிற்கிற நேரம் பார்த்து எடுங்கள். சுவர் வழியாக வரும் அதிர்வை ஊசி அப்படியே பிடித்துக்கொள்ளும்.

காரிலும் போனிலும் எப்படிக் கேட்பது?

ஆண்ட்ராய்டு போன் ஃப்ளாக்கை நேராகவே பாடும். ஐபோனில் விஎல்சி போட்டுக்கொள்ளலாம். கார் பெட்டி ஏற்காவிட்டால் ‘ஃபூபார்2000’ அல்லது ‘ஃப்ரீஏசி’ மூலம் மொத்த ஃபோல்டரையும் எம்பி3 பிரதியாக மாற்றி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போடுங்கள். பிரதி தொலைந்தாலும் கவலை இல்லை, மூலம் வீட்டில் இருக்கிறது.

எவ்வளவு இடம் பிடிக்கும்? எங்கே வைப்பது?

ஒரு முழு சிடி ஃப்ளாக்காக 300 முதல் 400 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 500 சிடிக்கு 200 ஜிகாபைட்டுக்குள்தான். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பாதிகூட நிறையாது.

ஒரே டிஸ்க்கில் மட்டும் வைத்தால் எடுத்ததற்கு அர்த்தமில்லை. மூன்று பிரதி வேண்டும். இரண்டு வீட்டில் தனித்தனி டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில். பொள்ளாச்சியில் இருப்பவர் ஈரோட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைக்கலாம். பென்டிரைவைச் சேமிப்பாக நம்பாதீர்கள், அது எடுத்துப் போவதற்கு. வருடம் ஒருமுறை டிஸ்க்கை மாட்டி, ஃபூபாரில் கோப்புச் சோதனை ஓட்டி, கெட்டது இருந்தால் மற்றப் பிரதியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

இப்படி எடுப்பது சட்டப்படி சரியா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய சிடியை நீங்கள் கேட்பதற்காக எடுத்து வைப்பது ஒன்று. அதை வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனியாக, எழுதியவர் மறைந்தபின் 60 வருடம். கும்மி, உடுக்கைப் பாட்டுப் பதிவுகளைப் பொதுவில் போடுவதற்கு முன் பாடியவரிடமோ அவர் குடும்பத்திடமோ கேட்டுவிடுங்கள், அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பல குடும்பங்களில் அந்தக் குரல் பதிவாக இருக்கவே இருக்காது.

எனக்கு இதெல்லாம் செய்ய நேரமில்லைங்க. கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், ஃப்ளாக் வேண்டும். சிடி என்றால் பதிவேட்டுக் கோப்பும் சேர்த்துத் தர வேண்டும். கேசட் என்றால் ஒலியைச் சுத்தம் செய்யாத மூலப் பதிவு தர வேண்டும், ஹெட் சாய்வைக் கேசட்டுக்குக் கேசட் சரிசெய்கிறார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் ஸ்குரு டிரைவரை எடுத்துக் காட்டினால் தைரியமாகக் கொடுக்கலாம். விழித்தால் சாதாரண சினிமாக் கேசட் ஒன்றை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். அப்பாரு குரல் இருக்கும் கேசட்டை விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து, கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வந்த கோப்பைத் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் கேட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். கேசட்டையும் சிடியையும் தூக்கிப் போடாமல், அட்டைகளை ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிட்டு, வெயில் படாத அலமாரியில் செங்குத்தாக அடுக்கி வையுங்கள்.